பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்வது: எதில் தொடங்குவது, எப்படிக் கேட்பது, எங்கே சேமிப்பது?

கொடிவழி கேட்கிறார்:

வணக்கம். குடும்பத்துப் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்து வைக்கும் வேலையை இந்த மாதம் தொடங்குகிறோம். நிலவரம் இது: பாட்டிக்கு 86 வயது. நினைவு தெளிவாக இருக்கிறது, ஆனால் அரை மணி நேரம் பேசினால் களைத்துவிடுகிறார். அவர் தங்கைக்கு 79. சின்னத் தாத்தாவுக்கு 82, வலது காது கேட்காது, நேற்று நடந்தது மறந்துபோகிறது. மூன்று பேரும் ஒரே சம்பவத்தை மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

கையில் இருக்கும் பொருள்கள்: சுமார் 300 படங்கள். பாதிப் படங்கள் பசைப் பக்கம் கொண்ட ஆல்பத்தில் இருக்கின்றன. நான்கைந்து படங்கள் கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போய்விட்டன. தாத்தா பேசிப் பதிந்த 11 கேசட்டுகள். ஒரு கட்டுக் கடிதங்கள்.

எதில் தொடங்குவது? போன் போதுமா, தனி ரெக்கார்டர் வேண்டுமா? "கதை சொல்லுங்க பாட்டி" என்றால் "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று எழுந்து போகிறவரிடம் எப்படிக் கேட்பது? ஒத்துப்போகாத கதைகளில் எதை எழுதுவது? இதையெல்லாம் சேர்த்த பிறகு, அடுத்த தலைமுறை திறந்து பார்க்கிற மாதிரி எப்படிக் கொடுப்பது?

ஒலிநாடா:

முதலில் ஆட்கள். அடுத்து கேசட். பிறகு படங்கள். கடைசியில் கடிதங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் இருக்கும் கடிதம் இன்னும் இருபது வருடம் தாங்கும். 86 வயது நினைவு ஒரு காய்ச்சலுக்குக்கூடத் தாங்காமல் போகலாம். ஸ்கேன் செய்வது யாரையும் எதிர்கொள்ளத் தேவையில்லாத வேலை என்பதால் பலர் அதில் தொடங்கி, மூன்று மாதம் அதிலேயே கழித்துவிடுகிறார்கள். அதற்குள் கேட்க வேண்டியவர் பேசும் நிலையில் இருப்பதில்லை.

போன் தாராளமாகப் போதும். அமைப்பை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலான போன்கள் எம்4ஏ போன்ற சுருக்கிய வடிவத்தில்தான் சேமிக்கும். வேவ் வடிவம் தரும் ஒரு ரெக்கார்டர் செயலியைப் போட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்பி ஆகும். 24 பிட் கிடைத்தால் சுமார் 520 எம்பி. சுருக்கிய கோப்பை ஒவ்வொரு முறை வெட்டிச் சேமிக்கும்போதும் அது மறுபடி சுருங்கித் தரம் குறையும், அதனால்தான் வேவ் கேட்கிறேன். எம்4ஏ மட்டும்தான் வருகிறது என்றால் அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம். வடிவத்தைவிட மைக்கின் தூரம் பத்து மடங்கு முக்கியம்.

தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக் இருந்தால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். சங்கிலி, புடவை மடிப்பு, சால்வை எதுவும் அதில் உரசக் கூடாது. உரசல் சத்தத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. போனை மேசையில் வைப்பதென்றால் மடித்த துண்டின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் பேசுகிறவர் மேசையைத் தட்டும் ஒவ்வொரு தட்டும் இடி மாதிரி பதிவாகும். ஒலி அளவு காட்டும் கோடு சாதாரணப் பேச்சில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் சரி. குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம். சிரிக்கும்போது உச்சத்தில் முட்டி உடைந்த ஒலியை முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை.

தொடங்கும் முன் மின்விசிறி, குளிர்பெட்டி, சுவர்க்கடிகாரம் மூன்றையும் கவனியுங்கள். போனை விமான முறையில் போடுங்கள், அழைப்பு வந்தால் சில செயலிகளில் பதிவு நின்றுவிடும். யாரும் பேசாமல் 30 விநாடி அறையை மட்டும் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். காதுக்குப் பழகிப்போன இரைச்சல் அப்போதுதான் தெரியும். அந்த 30 விநாடியை அழிக்க வேண்டாம். பின்னால் ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அதுதான் மாதிரி.

பிறகு நீங்கள் பேசுங்கள்: இன்று என்ன தேதி, எந்த இடம், யார் பேசுகிறார், அவர் முழுப்பெயர் என்ன, உடன் யார் இருக்கிறார்கள். 15 விநாடி வேலை. கோப்பின் பெயர் மாறிப்போனாலும் பதிவு தன்னைத் தானே அடையாளம் சொல்லும்.

இன்னொன்று, உம் கொட்டுவது. கேட்பவர் "ம்", "ஆமா", "அப்படியா" என்று சொல்லும் இடமெல்லாம் பேசுபவரின் சொல்லுக்கு மேலே விழும். பெரும்பாலும் ஒரு பெயரின் கடைசி எழுத்துதான் அதில் மறையும். தலையை ஆட்டுங்கள். உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுகிறவர் என்றால் வாக்கியம் முடிந்த பிறகு கொட்டுங்கள், நடுவில் வேண்டாம்.

வீடியோ வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கேமராவைப் பார்த்ததும் பலர் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒலியை முதன்மையாக வையுங்கள். கை வேலையைக் காட்டும்போது, படத்தைக் கையில் பிடித்து விளக்கும்போது மட்டும் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்தால் போதும்.

உறவுமுறை:

பதிவு பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. கேட்கும் முறை பற்றி எழுதுகிறேன், பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

"கதை சொல்லுங்க" என்பது கேள்வியே இல்லை. எங்கிருந்து தொடங்குவது, எது கதை என்று தீர்மானிக்கும் முழுச் சுமையையும் அவர் தலையில் வைக்கிறீர்கள். அதனால்தான் எழுந்து போகிறார். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "பத்து வயசுல இருந்த வீட்டு வாசல்ல நிக்கிறீங்க. உள்ள நுழைஞ்சா இடது பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். தவறாக வரைந்தால் அவரே தாளைப் பிடுங்கித் திருத்துவார். யார் எந்த மூலையில் படுத்தார்கள், பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது, அடுப்படிக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது, மழை வந்தால் எந்த இடம் ஒழுகும் என்று அறை அறையாகப் போனால் அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் பெயரோடு வெளியே வருவார்கள். இடம் நினைவைப் பிடித்து இழுக்கும், ஆண்டு இழுக்காது. அவர் திருத்திய அந்தத் தாளில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஆவணம்தான்.

பிறந்ததிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். வயதானவர்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகமாக நினைவில் நிற்கின்றன. உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம் இது. முதல் இரண்டு மூன்று அமர்வுகளை அந்தப் பருவத்துக்கே கொடுங்கள்.

பதில் முடிந்தது போலத் தோன்றியதும் அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நல்ல விவரம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான். ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளை விடுங்கள். "அப்புறம்?", "அவர் அதுக்கு என்ன சொன்னார்?", "இது உங்களுக்கு யார் சொல்லித் தெரியும்?" இந்த மூன்றும் போதும். மூன்றாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். தேதி தவறு என்று தெரிந்தாலும் அந்த இடத்தில் திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தினால் அடுத்த கதையைச் சொல்லும் முன் "எனக்குச் சரியாத் தெரியல" என்று அடங்கிவிடுவார்.

மூன்று பேரையும் முதலில் தனித்தனியாக உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டுவிட்டால், கேட்டதே தன் நினைவாகக் கலந்துவிடும், குறிப்பாகப் பேசுகிறவர் மூத்தவராக இருந்தால். தனி அமர்வுகள் முடிந்த பிறகு ஒரு நாள் மூவரையும் சேர்த்துப் பேசவிடுங்கள். அது வேறு சுவை, வேறு கோப்பு.

ஒத்துப்போகாத கதைகளைச் சமரசம் செய்து ஒரே கதையாக்காதீர்கள். அப்படிச் செய்தால் யாருமே சொல்லாத நான்காவது கதை ஒன்று உருவாகும், பின்னால் வருகிறவர்கள் அதைத்தான் உண்மை என்று நம்புவார்கள். மூன்றையும் அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் சேருங்கள்: சொன்னவர், சொன்ன தேதி, நேரில் கண்டதா கேட்டதா, கேட்டது என்றால் யாரிடம். சம்பவம் நடந்தபோது அவருக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். நான்கு வயதில் "பார்த்தது" பல சமயம் பிறகு கேட்டதாக இருக்கும்.

ஆண்டுக்கு நேரடிக் கேள்வி பலிக்காது. ரொம்ப நாளைக்கு முன் நடந்ததைச் சமீபத்தில் நடந்ததாக நினைப்பது எல்லோருக்கும் இயல்பு. வயதையும் 5, 10 என்று முழு எண்ணாக்கித்தான் சொல்வார்கள். அதற்குப் பதில், "அப்ப வீட்டுல கைக்குழந்தை யாரு?" என்று கேளுங்கள். எந்தக் குழந்தை இடுப்பில் இருந்தது என்பது பெரும்பாலும் மறப்பதில்லை. அந்தக் குழந்தையின் பிறந்த ஆண்டு தெரிந்தால் சம்பவம் ஓராண்டு முன்பின்னாக நின்றுவிடும். எழுதும்போது தோராய ஆண்டுக்கு 1947~ என்றும், சந்தேகமான ஆண்டுக்கு 1947? என்றும் குறியுங்கள். ஐஎஸ்ஓ 8601 தேதித் தரத்தின் 2019 இரண்டாம் பகுதியில் உள்ள முறை இது. கோப்பின் பெயரில் மட்டும் கேள்விக்குறி வேண்டாம், விண்டோஸ் ஏற்காது.

இனி நம் மொழிக்கே உரிய சிக்கல். பதிவில் "மாமா வந்தாரு" என்று இருக்கும். தாயின் தம்பியா, அத்தையின் கணவரா, மாமனாரா, அடுத்த வீட்டுப் பெரியவரா? இன்று உங்களுக்குத் தெரியும், முப்பது வருடம் கழித்துக் கேட்பவருக்குத் தெரியாது. முன்னோருக்கு எண் கொடுங்கள். மிகாயேல் ஐட்சிங்கர் என்பவர் 1590-இல் அச்சிட்ட எளிய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மையமாக ஒருவர் 1. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவர் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய். தந்தை 2, தாய் 3, தந்தையின் தந்தை 4, தந்தையின் தாய் 5, தாயின் தந்தை 6, தாயின் தாய் 7. ஒன்றைத் தவிர்த்து இரட்டை எண் எல்லாம் ஆண், ஒற்றை எண் எல்லாம் பெண். 7-இன் தந்தை 14, தாய் 15 என்று எத்தனை தலைமுறையும் போகலாம். உடன்பிறந்தோர் இதில் வரமாட்டார்கள், அவர்களைப் பெற்றோரின் எண்ணோடும் பிறந்த வரிசையோடும் எழுதுங்கள்: 14-15/3 என்றால் அந்தத் தம்பதியின் மூன்றாவது பிள்ளை. யார் 1 என்பதை ஒருமுறை முடிவு செய்த பிறகு மாற்றவே கூடாது. சொந்தத்துக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் வரும். அது பிழை இல்லை. சிறிய எண்ணை வைத்துக்கொண்டு, பெரிய எண்ணுக்கு எதிரே "பார்க்க" என்று போடுங்கள்.

கணினியில் ஏற்ற கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். அதிலிருந்து ஜெட்காம் வடிவில் ஒரு பிரதி எடுத்து வைத்தால் வேறு எந்த வம்சாவளி மென்பொருளுக்கும் மாறலாம். குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தந்தை பெயரை அங்கே போட்டால் ஒவ்வொரு தலைமுறையும் வேறு குடும்பம் என்று பட்டியல் சிதறும். முதலெழுத்தை விரித்து எழுதுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரை மாற்றுப்பெயர் என்று தனியே சேருங்கள், கதைகளில் வருவது அதுதான்.

கொடிவழி:

இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டு வரைபட யோசனையை முயன்று பார்க்கிறோம். இரண்டு கேள்விகள் கூடுதலாக. சின்னத் தாத்தாவின் மறதியை வைத்துக்கொண்டு அவரிடம் பதிவு செய்வதில் பயன் உண்டா? பாட்டி ஏதாவது சொல்லிவிட்டு "இதை யாருக்கும் சொல்லாதே" என்றால் அந்தப் பதிவை என்ன செய்வது?

பழுப்புத்தாள்:

அந்த இரண்டுக்கும் உறவுமுறை பதில் சொல்லட்டும். படங்கள், கடிதங்கள் பற்றி நான்.

பசை ஆல்பத்திலிருந்து எதையும் இழுக்காதீர்கள். படம் வளைந்தால் மேலே இருக்கும் ஜெலட்டின் படலம் வெடிக்கும், வெடித்தது மறுபடி சேராது. மேல் பிளாஸ்டிக் தாள் லேசாகத் தூக்கினால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், வாசனை சேர்க்காத பல் இடுக்கு நூலைப் படத்தின் ஒரு மூலைக்கு அடியில் கொடுத்து, பக்கத்தோடு படுக்கையாக வைத்து மெல்ல அறுப்பது போல இழுத்துக்கொண்டே போகலாம். நூல் தடைபட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, முழுப் பக்கத்தையும் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டியவற்றைப் பிரிக்கவே வேண்டாம். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது, பிரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். மெல்லிய மலிவு ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் உணரி, தளத்தைத் தொட்டிருக்கும் தாளை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். ஒரு கண்ணாடி தடிமன் தள்ளிப்போனாலே மங்கும். சிசிடி உணரி உள்ள ஸ்கேனர் கொஞ்சம் ஆழம் தாங்கும். அது இல்லையென்றால் கேமராவில் எடுங்கள்: இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. பிரதிபலிப்பு வராது.

மற்றப் படங்களுக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்தில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவம். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 புள்ளிகளாக வரும், ஒரு கோப்பு சுமார் 26 எம்பி. உங்கள் 300 படங்களும் 8 ஜிபிக்குள் அடங்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. நெகட்டிவ் கிடைத்தால் 35 மிமீ ஃபிலிமுக்கு 2400-க்குக் குறையக் கூடாது. ஸ்கேனர் மென்பொருளில் தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல், தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கி சில சமயம் மூக்குத்தியையும் தூசி என்று நினைத்து எடுத்துவிடும். பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, பழைய பசைத் தடம் எல்லாம் அங்கேதான்.

படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டச் சொல்ல, போன் திரையை நீட்டாதீர்கள். ஏ4 தாளில் பெரிதாக அச்செடுத்துக் கொடுங்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது "படம் 47" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் விரல் வைத்துக் காட்டும்போது "இவர்" என்றுதான் சொல்வார், நீங்கள் உடனே "பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பதிவில் இருபது "இவர்"தான் மிஞ்சும். பெயர்களை அச்செடுத்த தாளில் பேனாவால் எழுதுங்கள். மூலப் படத்தின் பின்னால் பேனா வேண்டாம். பழைய தாள் படமாக இருந்தால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எண் மட்டும் போடலாம். 1970களுக்குப் பிறகு பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையில் எழுதுங்கள், படத்தை உள்ளே போடும் முன்பே எழுதிவிடுங்கள்.

உறை எதுவென்றால் பாலிப்ரொப்பிலீன், பாலியெத்திலீன் அல்லது பாலியெஸ்டர். பிவிசி வாசனை அடிக்கும் உறையைத் தொடாதீர்கள்.

கடிதங்களில் குண்டூசி, ஸ்டேப்ளர் முள், ரப்பர் பட்டை மூன்றையும் எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்னும். கவரைத் தூக்கிப் போடாதீர்கள், கடிதத்தில் தேதி இல்லாதபோது அஞ்சல் முத்திரைதான் தேதி. லாமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டில் ஒட்டிய பசையைத் திரும்ப எடுக்க வழியில்லை. செல்லோடேப்பும் அப்படித்தான், பழுத்துக் கறையாகும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருக்கும் இடம் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும்.

ஒலிநாடா:

கேசட்டுகள் விட்டுப்போயிற்று. ஓட விடும் முன் ஒவ்வொன்றின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள். தெரியாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் தாத்தா குரலின் மேல் பதியாது. நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை, ஓட விடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

கேசட்டுக்குள், ஓட்டும் கருவியின் தலையை நாடா தொடும் இடத்தில், சின்னத் தகட்டின் மேல் ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். ஒலி மங்கி, தூரத்தில் கேட்பது போல இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஐந்து திருகாணி உள்ள நல்ல கேசட்டைத் திறந்து, நாடாச் சுருள் இரண்டையும் அந்த ஓட்டுக்குள் மாற்றினால் குரல் திரும்பும். டெக்கின் (கேசட் ஓட்டும் கருவியின்) தலையையும் ரப்பர் உருளையையும் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் துடையுங்கள், தலைக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சு முனை. நாடாவை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுப் பிறகு ஒலிக்க விடுங்கள், இறுகிய சுற்று தளரும்.

நேரடியாகக் கணினியில் செருகும் மலிவுக் கருவிகளில் வேகம் ஆடும், குரல் அலையும். பழுது பார்த்த பழைய டெக் ஒன்றை இரவல் வாங்குவது மேல். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்னுக்குக் கொடுங்கள், மைக் துளைக்குக் கொடுத்தால் ஒலி உடையும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்துப் பதியுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகத்தான் செய்யும். அந்த முதல் பதிவில் எந்தச் சுத்திகரிப்பும் செய்யாமல் மூலமாக வையுங்கள், சுத்தம் செய்வதெல்லாம் பிரதியில்.

மூன்றுபிரதி:

சேமிப்பு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு வீட்டில். புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி. பென் டிரைவ் கொண்டுபோகக் கொடுக்கத்தான், வருடக்கணக்கில் பெட்டியில் வைக்க உதவாது, மின்னூட்டம் கசியும். வன்தட்டு இரண்டு, ஒரு மேகச் சேமிப்பு (கிளவுட்) என்று வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றுங்கள். கோப்புகளுக்கு ஷா-256 செக்சம் (கோப்பில் ஏதாவது மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறி) எடுத்து ஒரு உரைக் கோப்பில் வைத்துக்கொண்டு, வருடத்தில் ஒரு நாள் ஒப்பிடுங்கள். சத்தமில்லாமல் கெட்டுப்போன கோப்பை நல்ல பிரதியின் மேல் எழுதிவிடும் விபத்தை அதுதான் தடுக்கும்.

கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள் வரிசையில்: 2025-03-09_பாட்டி_02. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த குடும்பக் குறிப்பு யாரிடமாவது இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குப்பை எழுத்தாகத்தான் தெரியும். மாற்றிய பிறகு "கொ", "கோ" எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். ஒரே எழுத்து இரண்டு விதமாகக் குறியிடப்பட்டிருக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலில் கிடைக்காது.

எழுத்தாக்கம் பற்றி ஒரு கருத்து. முழுவதையும் தட்டச்சு செய்யத் தொடங்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், மூன்றாவது பதிவோடு வேலை நின்றுபோகும். முதலில் நேரக் குறிப்பு மட்டும் போடுங்கள்:

00:00 அறிமுகம்
03:10 வீட்டு வரைபடம், யார் எங்கே படுத்தார்கள்
11:45 பெட்டிச் சாவி சண்டை, 14-15/3 வருகிறார்
19:20 படம் 47

இது ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒன்றரை மணி நேரத்தில் முடியும். இதில் நல்ல பகுதிகளை மட்டும் முழுதாக எழுதுங்கள், பேசிய மொழியிலேயே எழுதுங்கள். "வந்தாக" என்று சொன்னதை "வந்தார்கள்" ஆக்கினால் ஆள் போய்விடுவார். கேட்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், [தெளிவில்லை 14:20] என்று விடுங்கள். தானியங்கி எழுத்தாக்கம் வரைவுக்கு உதவும், ஆனால் வட்டார வழக்கை எழுத்துத் தமிழாக்கிவிடும், மௌனமான இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தையே சேர்த்தும்விடும். ஒலியோடு ஒப்பிடாமல் எதையும் நம்பாதீர்கள்.

பகிர்வதற்கு இரண்டு, மூன்று நிமிடத் துண்டு, அதோடு ஒரே ஒரு படம். மூன்று மணி நேரக் கோப்பை யாரும் திறக்கமாட்டார்கள். ஆனால் கொள்ளுப்பாட்டி திருட்டுத்தனமாகச் சைக்கிள் கற்ற இரண்டு நிமிடத்தைப் பதினாலு வயதுப் பையன் கேட்பான், அடுத்தது என்ன என்று திருப்பியும் கேட்பான். அவன் கேட்ட கேள்வியை எழுதி வைத்து அடுத்த அமர்வில் பாட்டியிடம் அவன் பெயர் சொல்லிக் கேளுங்கள். இருபுறமும் ஆர்வம் கூடும். குழுவில் அனுப்பும்போது படத்தை ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் செயலி சுருக்கிவிடும்.

புத்தகம் போடுவதென்றால் ஒரு கதைக்கு ஒரு விரிபக்கம், நடுவில் முள் அடிக்கும் கட்டுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். க்யூஆர் குறியை மட்டும் நம்பிக் கதையை விட்டுவிடாதீர்கள், இணைப்பு செத்துப்போகும், தாள் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் இணையத்தில் பொதுவில் போடாதீர்கள். பாதுகாப்புக் கேள்விகள் பலவற்றுக்கு விடை அவைதான்.

உறவுமுறை:

சின்னத் தாத்தாவிடம் கட்டாயம் பதிவு செய்யுங்கள், அவரிடம்தான் முதலில் போங்கள். மறதியில் புதியது முதலில் போகும், பழையது நெடுநாள் நிற்கும். பிரெஞ்சு உளவியலாளர் தெயொதூல் ரிபோ 1881-இலேயே குறித்தது இது. காலை வேளை, 15 நிமிடம், இடது பக்கம் உட்கார்ந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி. கத்தாதீர்கள், கத்தினால் சொல் உடையும். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கவே வேண்டாம், அது அவருக்குப் பரீட்சை. படத்தைக் கையில் கொடுத்து "இந்த சைக்கிள் ரொம்பப் பெருசா இருக்கே" என்று நீங்கள் தொடங்கினால் அவர் தொடருவார். சொன்னதையே சொன்னால் அதையும் பதியுங்கள். ஐந்தாவது முறை சொல்லும்போது ஒரு பெயர் புதிதாக வரும்.

ரகசியம் பற்றி. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், பதிவு ஓடும்போதே கேளுங்கள்: "இதை யார் யார் கேட்கலாம்? எல்லாருமா, வீட்டுக்குள்ள மட்டுமா, இப்ப வேண்டாமா?" மூன்றாவது என்றால் எதுவரை வேண்டாம் என்று ஒரு எல்லை கேளுங்கள், அவர் காலத்துக்குப் பிறகு என்றோ, இன்னார் இருக்கும்வரை என்றோ. பதிலும் அதே கோப்பில் இருக்கும், பின்னால் யாரும் வாதாட முடியாது. பேசும்போது "நிறுத்து" என்றால் அவர் கண்ணெதிரே பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள்.

சொன்ன பிறகு "யாருக்கும் சொல்லாதே" என்றால், பகிரும் பிரதியிலிருந்து அந்தப் பகுதியை வெட்டுங்கள், நேரக் குறிப்பிலும் விவரம் எழுத வேண்டாம், "மூடியது" என்று மட்டும் போடுங்கள். மூலத்தை வைக்கலாமா அழிக்கலாமா என்று அன்றைக்கே கேட்காமல் ஒரு வாரம் விட்டுக் கேளுங்கள், சொல்லிவிட்ட பதற்றம் அடங்கியிருக்கும். அப்போதும் அழி என்றால் அழித்துவிடுங்கள், மேகத்தில் இருப்பதையும் வேறு வீட்டில் இருக்கும் வன்தட்டில் இருப்பதையும் சேர்த்து. மேகத்தில் குப்பைத்தொட்டியையும் தனியே காலி செய்ய வேண்டும், பல சேவைகளில் அழித்த கோப்பு அங்கே வாரக்கணக்கில் கிடக்கும்.